பத்தரை மணித் தீர்மானம்

போன மாதம் உஷா போன் செய்தாள். என்னிடம் உதவி ஆசிரியையாக வேலை கற்றுக்கொண்ட பெண். இப்போது வானூர் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளிக்குத் தலைமையாசிரியை. "டீச்சர், எல்லாப் பள்ளியிலும் மாணவர் மன்றம் நடத்தணுமாம். கூட்டம் நடக்கிறதைப் படம் புடிச்சு போன்லயே அனுப்பணும். நீங்கதான் அந்தக் காலத்துலயே மந்திரிசபை நடத்துனவங்களாச்சே, மாதிரித் தீர்மானம் ஏதாவது இருந்தா குடுங்களேன்" என்றாள். மாதிரித் தீர்மானம் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கலையில் நான் ஒரு காலத்தில் கைதேர்ந்தவள்.

என் பெயர் பிலோமினா. விழுப்புரம் ரயில்வே குடியிருப்பில் பிறந்தேன். அப்பா தண்டவாளம் பார்க்கும் கேங்மேன். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கன்னியாஸ்திரீகள் நடத்திய பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடம். கரும்பலகையில் எழுத்தைக் கோணாமல் எழுதுவதும், குரலை உயர்த்தாமல் அறுபது பேரை உட்கார வைப்பதும் அங்கே கற்றவை. அவை இரண்டும்தான் கடைசிவரை கை கொடுத்தன. கல்யாணமாகித் திண்டிவனம் வந்தேன். எண்பதுகளின் நடுவில் ஒலக்கூர் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக மாற்றல் கிடைத்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் சௌக்கியமாக இருக்கிறார்கள்.

ஓட்டுக்கூரை போட்ட இரண்டு அறை, ஒரு புளியமரம், ஒரு அடிபம்பு. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர். நானும் சுந்தரம் சாரும். தலைமையாசிரியை என்று பெயர்தானே ஒழிய, மணி அடிப்பதிலிருந்து ஆட்டை விரட்டுவது வரை எல்லாம் எங்கள் தலையில்தான்.

அப்போது பள்ளிகளில் மாணவர் மந்திரிசபை என்று ஒன்று இருக்க வேண்டும். முதலமைச்சர், கல்வி, சுகாதாரம், உணவு, தோட்டம், விளையாட்டு என்று ஆறு பேர். வாரம் ஒருமுறை கூட்டம் போட்டுத் தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். நானும் எழுதினேன். எப்படி? ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து, கறிக்குழம்பு சாப்பிட்ட தெம்பில், மூன்று மாதத்துக் கூட்டங்களை ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். ஒரே நாளில் எழுதியது தெரியக்கூடாது என்று ஒரு கூட்டத்துக்கு நீல மை, அடுத்ததற்குக் கறுப்பு மை. கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூட இதைச் சொல்லத் தோன்றவில்லை. எல்லாரும் செய்வதைப் பாவம் என்று யார் நினைக்கிறார்கள்?

எங்கள் உதவிக் கல்வி அலுவலரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஏ.இ.ஓ. என்போம். ஒல்லியான மனிதர், கையில் கறுப்புக் குடை. சொல்லாமல் கொள்ளாமல் டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார். பள்ளிகளில் காபி, கலர் எதுவும் தொடமாட்டார். பையில் சொந்தமாகத் தண்ணீர் இருக்கும். எந்தப் பதிவேட்டையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். திட்டமாட்டார். எதைச் சொன்னாலும் "சரி" என்பார். அவர் சரி என்றால் எதுவோ சரியில்லை என்று பொருள். அவரிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. பதிவேட்டில் ஏதாவது ஒரு வரியில் விரலை வைத்து, அந்த வரியில் இருக்கும் பிள்ளையை நேரில் கூப்பிடச் சொல்வார்.

ஆவணி மாதம் வந்தார். மந்திரிசபைப் பதிவேட்டைக் கடைசியிலிருந்து புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. "பள்ளி வளாகத்தைத் தூய்மையாக வைக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சர் அஞ்சலை தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார். சரி. இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்த பிள்ளையைக் கூப்பிடுங்க."

அஞ்சலை ஐந்தாம் வகுப்பு. காலனியில் வீடு. எண்ணெய் காணாத தலை, ஆனால் கண் இரண்டும் எப்போதும் விழிப்பாக இருக்கும். கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"நீதான் சுகாதார அமைச்சரா?" என்று அவர் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்து, "நானா டீச்சர்?" என்றாள்.

சுந்தரம் சார் இருமினார். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. அலுவலர் "சரி" என்று சொல்லி, பார்வைப் பதிவேட்டில் சிவப்பு மையில் ஒரே வரி எழுதினார்: "அமைச்சருக்குத் தாம் அமைச்சர் என்பது தெரியவில்லை." குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவர் சத்தம் போட்டிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பேன். அந்த வரி மறக்கவில்லை. எனக்கு ரோஷம் ஜாஸ்தி. திங்கட்கிழமையே நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்து, "இனிமே மந்திரியை நீங்களே தேர்ந்தெடுங்க. நீங்க போடுற தீர்மானம்தான் தீர்மானம். நான் எழுதமாட்டேன்" என்றேன்.

தேர்தல் வைத்தோம். வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு டப்பா. ஓட்டுச் சீட்டுக்கு எங்கே போவது? கையில் கிடைத்தது மல்லாட்டை, எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பேர். ஆளுக்கொரு கொட்டை கொடுத்துப் போடச் சொன்னோம். எண்ணிப் பார்த்தால் நான்கு ஓட்டு குறைந்தது. புளியமரத்தடியில் தோல் கிடந்தது. அடுத்த நாள் புளியங்கொட்டையை வைத்து மறுதேர்தல் நடத்தினோம். அந்த ஊரில் பெரிய விவசாயி வீட்டுப் பையன் குமார் முதலமைச்சர் ஆனான். அஞ்சலை, தானே கேட்டு நின்று, சுகாதாரத் துறையையே வாங்கிக்கொண்டாள். ஒருதரம் ஏமாந்த துறையை அவள் விடுவதாக இல்லை.

முதல் தீர்மானம் அவளுடையது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிபம்பின் கைப்பிடி எட்டவில்லை. அதனால் சாப்பிட்ட கையைப் பாவாடையில் துடைத்துக்கொள்கிறார்கள். இடைவேளையில் ஐந்தாம் வகுப்பிலிருந்து இரண்டு பேர் அடித்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். மூன்று வருடம் அந்தப் பம்பைத் தினமும் பார்த்த எனக்கு இது தெரியாது. வெள்ளிக்கிழமை கடைசி மணி நேரம் அவர்கள் கூட்டம் என்று ஆயிற்று. நான் ஒரு ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஆனால் சொன்னால் நடக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தின் நடையே மாறியது. உண்மையைச் சொன்னால், என் வேலை பாதியாகக் குறைந்தது.

பங்குனி பிறந்தது. கிணற்றுப் பாசன மல்லாட்டை அறுவடை. அந்தப் பக்கத்தில் வேலை செய்த எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார்: மல்லாட்டை வந்தால் பள்ளிக்கூடம் காலி. செடி பிடுங்க ஒரு கூட்டம், பிடுங்கிய செடியிலிருந்து காயை ஆய ஒரு கூட்டம். கூலி மல்லாட்டையாகவே அளந்து கொடுப்பார்கள். பிள்ளையும் கூட உட்கார்ந்தால் வீட்டுக்கு இரண்டு படி கூட வரும். மதியம் சத்துணவு மணிக்கு மட்டும் மண்ணுக் கையோடு ஓடிவந்து தட்டை நீட்டுவார்கள். சாப்பிட்டு மறுபடி ஓடிவிடுவார்கள். அறுவடை முடிந்து சிலர் திரும்புவார்கள். சிலர் திரும்புவதில்லை. முந்திய வருடம் அஞ்சலையின் அக்கா அப்படிப் போனவள்தான். ஐந்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது போனாள், அதோடு சரி.

அந்த வாரம் அஞ்சலை மூன்று நாள் வரவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தாள். கூட்டம் தொடங்கியதும் எழுந்து நின்றாள்.

"டீச்சர், திங்கக்கெழமலேர்ந்து நான் வரமாட்டேன். மல்லாட்டைக்குப் போறேன். எங்க அம்மா, இனிமே படிச்சது போதும்னு சொல்லிக்கினு இருக்குது. என் மந்திரி வேலய வேற யாருக்கானா குடுத்துடுங்க. அதச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ராஜினாமா கொடுத்துவிட்டு நின்ற பிள்ளையை அன்றுதான் பார்த்தேன். என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

குமாருக்குத் தெரிந்திருந்தது. "அதெல்லாம் ஒத்துக்க முடியாது" என்றான். பிறகு கொஞ்சம் யோசித்து, "எங்க கொல்லையில பத்து மணி வரைக்கும்தான் செடி புடுங்குவாங்க. அதுக்கு மேல வெயிலு ஏறிச்சின்னா மண்ணு இறுகிப்பூடும், காயி மண்ணுலயே நின்னுக்கும். அப்பால ஒக்காந்து ஆயறதுதான். அத பெரியவங்க பாத்துக்கட்டும். பள்ளிக்கூடத்த பத்தரைக்கு வெச்சா இன்னா?" என்றான்.

உணவு அமைச்சர் விரல் விட்டுக் கணக்குப் போட்டு, "சாயங்காலம் ஒரு மணி நேரம் சேத்து படிச்சா சரியாப்பூடும்" என்றான். கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் உயர்ந்தது. அஞ்சலை மட்டும் தூக்கவில்லை. "எங்க அம்மா ஒத்துக்கினாத்தான் நான் தூக்குவேன்" என்றாள். பிறகு எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

பள்ளி நேரம் ஒன்பதரை. அதை மாற்ற எனக்கு அதிகாரம் கிடையாது. சுந்தரம் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சர், வேணாம், இது பெரிய பேஜார்ல போய் முடியும்" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் ஏழு மாதமாக, நீங்கள் போடுவதுதான் தீர்மானம் என்று சொல்லி வந்தவள் நான். இப்போது சட்டம் பேசினால் அந்தப் பதிவேடு மறுபடியும் என் ஞாயிற்றுக்கிழமைப் பதிவேடாகிவிடும். "எழுதுங்க" என்றேன். அலுவலகத்துக்கு எழுதி அனுமதி கேட்டிருக்க வேண்டும். பதில் வருவதற்குள் அறுவடை முடிந்து அடுத்த விதைப்பே வந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேட்டால் மறுத்துவிடுவார்களே என்ற பயம்தான் நிஜம்.

அன்று சாயங்காலமே ஆறு மந்திரிகளும் குமார் அப்பாவிடம் போனார்கள். நானும் பின்னால் போனேன். அவர் களத்தில் நின்று கொண்டிருந்தார்.

"இன்னாடா முதலமைச்சரே, மாட்டுக்குப் புல்லு அறுத்துப் போட்டியா?"

"போட்டுட்டேன் நைனா. ஒரு தீர்மானம் கொண்டாந்திருக்கோம்" என்று சொல்லி, குமார் பதிவேட்டைப் பார்த்துப் படித்தான். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார்.

"பத்து மணிக்குப் புள்ளைங்க கூலிய அளந்து உட்டுர்றேன் டீச்சரம்மா" என்றார் என்னிடம். "எனக்கும் அதுக்குமேல அவங்களால பிரயோசனம் இல்ல, சண்டதான் போட்டுக்கினு இருக்குதுங்க. ஆனா ஒரு புள்ள பத்துக்கு முன்னாடி எழுந்து ஓடக்கூடாது."

"அதுக்கும் ஒரு தீர்மானம் போட்டுர்றோம் நைனா" என்றான் குமார்.

அஞ்சலையின் அம்மா முனியம்மா களத்திலேயே இருந்தாள். "கூலியும் வந்து படிப்பும் வந்தா நான் ஏன் டீச்சரம்மா வேணாம்னு சொல்லப்போறேன்? பெரியவள நிறுத்திட்டு நான் மட்டும் சந்தோஷமாவா இருக்கேன்?" என்றாள். அப்போதுதான் அஞ்சலை கையைத் தூக்கினாள், களத்தின் நடுவில்.

பிள்ளைகள் கூலிக்குப் போனது சரி என்று நான் சொல்ல வரவில்லை. அது தப்புதான். அன்றைக்கு அதை நிறுத்த என்னால் முடியவில்லை. பள்ளியை அவர்கள் விடாமல் பார்த்துக்கொள்ள மட்டும் முடிந்தது.

திங்கட்கிழமையிலிருந்து பள்ளி பத்தரைக்கு. சாயங்காலம் ஐந்தரைக்கு விட்டால் எனக்குத் திண்டிவனம் பஸ் ஏழு மணிக்குத்தான். வீட்டில் சோறு பொங்குவதற்கு நேரமாகி, என் வீட்டுக்காரர் முணுமுணுத்ததும் உண்டு. ஆனால் பிள்ளைகள் வந்தார்கள். ஒவ்வொரு நாளும் பத்தேகாலுக்கு வரப்பில் வரிசையாக ஓடி வருவார்கள். அடிபம்பில் கை கழுவும்போது தண்ணீர் செம்மண்ணாக ஓடும். பத்தரைக்கு மணி அடிக்கும்போது வகுப்பு நிறைந்திருக்கும்.

பத்தாவது நாள். பத்து மணி பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தேன். தூரத்திலேயே தெரிந்தது, புளியமரத்தடியில் கறுப்புக் குடை.

பூட்டிய பள்ளிக்கூடத்து வாசற்படியில் அலுவலர் உட்கார்ந்திருந்தார். ஒன்பதேகாலுக்கே வந்துவிட்டாராம். பூட்டைத் திறந்தேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு "சரி" என்றார். அந்தச் சரியில் என் வேலையே போய்விட்டது என்று நினைத்தேன்.

நாற்காலியை வெளியே கொண்டுவரச் சொல்லி, வரப்பைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். பத்தேகால் ஆனது. முதலில் குமார் தெரிந்தான். பின்னால் ஒவ்வொருவராக. அறுபத்தோரு பேரில் ஐம்பத்தெட்டு. ஒவ்வொரு தலையாக அவர் எண்ணியதை நான் பார்த்தேன். பிறகு போன வருடப் பங்குனி வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அதில் பாதிப் பக்கம் வெறும் பூஜ்யம்.

மந்திரிசபைப் பதிவேட்டைக் கடைசியிலிருந்து திறந்தார். பிள்ளைகளின் கோழிக் கிறுக்கல், மூன்று நான்கு கையெழுத்தில். விரலை ஒரு வரியில் வைத்தார். "இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்த பிள்ளையைக் கூப்பிடுங்க."

குமார் எழுந்தான். கூடவே அஞ்சலையும் எழுந்தாள்.

"அவன் கொண்டாந்தான் சார். ஆனா எனக்காகத்தான் கொண்டாந்தான்" என்றாள். "நான் சுகாதார மந்திரி. நான் நின்னுடுவேன்னு சொன்னேன், அதுக்குத்தான் இது. இன்னும் பன்னெண்டு நாள்ல மல்லாட்டை முடிஞ்சிடும் சார். அப்பால பழையபடி ஒம்போதரைக்கே வந்துருவோம். டீச்சர ஒண்ணும் செய்யாதீங்க."

அவர் அவள் கையைப் பார்த்தார். நகக்கண் எல்லாம் மண். "பரீட்சை எழுதுவியா?" என்றார்.

"அதுக்குத்தான சார் இவ்ளோ ஓட்டம்."

அவர் என் பக்கம் திரும்பினார். "முன் அனுமதி இல்லாம நேரத்தை மாத்தியிருக்கீங்க. அதுக்கு மெமோ வரும். அதிலிருந்து நான் உங்களைக் காப்பாத்த மாட்டேன். மீதிப் பன்னெண்டு நாளுக்கு அனுமதி கேட்டு இப்பவே கடிதம் எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்." நான் பேப்பரை எடுத்துத் தேதி போடப் போனேன். "இன்னைக்குத் தேதி" என்றார். "முன் தேதி போடாதீங்க. அந்தப் பழக்கத்தை விட்டுட்டீங்கன்னு நினைக்கிறேன்." நீல மை, கறுப்பு மை எல்லாம் ஆவணியிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

போகும்முன் பார்வைப் பதிவேட்டில் சிவப்பு மையில் இரண்டு வரி எழுதினார். முதல் வரி மெமோவைப் பற்றி. இரண்டாவது: "அமைச்சருக்குத் தாம் அமைச்சர் என்பது தெரிந்திருக்கிறது." அன்றைக்கு எங்கள் அடிபம்புத் தண்ணீரை ஒரு டம்ளர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அஞ்சலைதான் அடித்துக் கொடுத்தாள்.

மெமோ அடுத்த வாரம் தபாலில் வந்தது, இரண்டு பிரதி. ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பிள்ளைகள் அதைப் படித்துக் காட்டச் சொன்னார்கள். படித்தேன். "தீர்மானம் போட்டது நாம, மெமோ டீச்சருக்கு மட்டுமா?" என்று அஞ்சலை கேட்டாள். நான் தடுப்பதற்குள் பேனாவை வாங்கி என் கையெழுத்துக்குக் கீழே தன் பெயரை எழுதிவிட்டாள். அப்புறம் குமார். அப்புறம் மற்ற நால்வர். இரண்டு பிரதியிலும். தடுப்பதற்குள் என்று சொன்னேனே, அது பொய். நான் தடுக்கவே இல்லை. அப்படியே அனுப்பினேன்.

என் பணிப் பதிவேட்டில் ஒரு எச்சரிக்கை ஏறியது. முப்பத்து நான்கு வருட வேலையில் அது ஒன்றுதான். அதற்கு அடுத்த முறை வந்தபோது அலுவலர் எதுவும் கேட்கவில்லை. ஆறு கையெழுத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மந்திரிசபைப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு "சரி" என்றார். அந்த ஒரு தடவைதான் சரி என்பதற்குச் சரி என்றே பொருள்.

அஞ்சலை பரீட்சை எழுதினாள். ஆறாம் வகுப்புக்கு ஒலக்கூர் போனாள், பத்தாவது வரை படித்தாள். அடுத்த பங்குனியில் நேரத்தை மாற்ற நான் முன்கூட்டியே கடிதம் எழுதினேன், அனுமதியும் வந்தது. நான் சந்தோஷமாக வேலை பார்த்த வருடங்கள் அவை. இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

உஷா கேட்ட மாதிரித் தீர்மானத்துக்கு வருகிறேன். பீரோவில் தேடி, அந்த மெமோவை எடுத்து மேசையில் விரித்து, ஆறு கையெழுத்தும் தெரிகிற மாதிரி படம் பிடித்து அனுப்பினேன். அஞ்சலையின் பெயருக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்குச் செம்மண் கறை. இத்தனை வருடத்தில் அது போகவில்லை.

ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. "டீச்சர், தப்பா அனுப்பிட்டீங்க போல. இதுல தீர்மானமே இல்லியே, மெமோதானே இருக்குது?"

"தப்பா அனுப்பல உஷா. தீர்மானம் உன் பிள்ளைங்க போடுவாங்க. அது நெஜமான தீர்மானமா இருந்தா ஒருநாள் உனக்கும் இதுமாதிரி ஒண்ணு வரும். அன்னிக்குக் கீழே கையெழுத்துப் போட இடம் விட்டு வை."